பெயர் எழுதாத பக்கம்

1986இல் இளையராஜா செய்த வேலையின் அளவைச் சொன்னால் இன்று நம்பக் கஷ்டமாக இருக்கும். 'விக்ரம்', 'மௌன ராகம்', 'புன்னகை மன்னன்' மூன்றும் அந்த ஒரே வருடத்துப் படங்கள். இவை போக இன்னும் எத்தனையோ. 'அன்னக்கிளி' வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. டீக்கடை, டவுன் பஸ், கல்யாண வீட்டுக் குழாய் எங்கும் அவர்தான். அந்த வருடத்தில், படம் இல்லாமல், பாட்டு இல்லாமல், பெரும்பாலும் வயலின்களை நம்பி ஓர் ஆல்பம் போட்டார். பெயர் 'ஹவ் டு நேம் இட்?'. தியாகராஜருக்கும் யொஹான் செபாஸ்டியன் பாகுக்கும் சமர்ப்பணம்.

என் வயதுக்காரர்களிடம் தமிழில் சுயாதீன இசை எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால், யூட்யூப் வந்த பிறகு என்பார்கள். ஆபீஸில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பனி மூட்டம் மாதிரி கிடாரும், தூக்கத்தில் பேசுவது மாதிரி குரலும் கேட்கிற ஆட்கள் நாங்கள். 'ட்ரீம் பாப்' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறோம். நல்ல ஆல்பங்கள் வருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் கனவும் துக்கமும் கலந்த, யாருக்காகவும் செய்யப்படாத இசை என்று பார்த்தால், தமிழ்நாட்டில் கணக்கை 1986இல் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

சினிமாவின் உச்சத்தில் இருந்த ஒருவரை எப்படி 'இண்டி' என்பது? கேள்வி நியாயம்தான். இங்கே சுதந்திரம் என்பது கம்பெனியிடமிருந்து அல்ல, 'சிச்சுவேஷனி'டமிருந்து என்று நினைக்கிறேன். தமிழ் சினிமாப் பாட்டில் ஒரு டைரக்டர் வந்து உட்கார்ந்து, அவள் ஊரை விட்டுப் போகிறாள், இவன் பாலத்தில் நிற்கிறான் என்று சொல்வார். அதற்குப் பிறகுதான் மெட்டு. துக்கத்துக்குக் காரணம் முதலில் வந்துவிடும். இந்த ஆல்பத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. துக்கம் மட்டும் இருக்கிறது. எதற்கு என்று தெரியவில்லை. தலைப்பில் உள்ள கேள்விக்குறியை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

பாக் செத்தது 1750. தியாகராஜர் பிறந்தது 1767. நடுவில் பதினேழு வருடம், ஒரு கடல், ஒருவர் பெயரை மற்றவர் அறிய வழியே இல்லை. இரண்டு பேரையும் சேர்க்க ராஜா பிடித்தது வயலினை. அது ஏற்கெனவே இரண்டு வீட்டுக்கும் சொந்தமான கருவி. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். அங்கே அதைத் தோளில் வைத்து வாசிப்பார்கள், இங்கே தரையில் உட்கார்ந்து, காலில் ஊன்றி. ஆல்பத்தின் முதன்மை வயலின் வி.எஸ். நரசிம்மன். இரண்டு வழியும் கைவந்தவர், பிறகு மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டைத் தொடங்கியவர்.

'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற துண்டைக் கேளுங்கள். பாக் தனி வயலினுக்காக எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் முகப்பு அது. கையெழுத்துப் பிரதியில் 1720 என்று போட்டிருக்கிறது. நிற்காமல் ஓடுகிற, வெயில் அடிக்கிற இசை. துளி சோகம் கிடையாது. ராஜா அந்த ஓட்டத்தை ஓடவிட்டு, சுற்றிலும் வேறு தந்திக் கருவிகளை நிறுத்துகிறார். பழைய வயலின் அதே சந்தோஷத்தோடுதான் ஓடுகிறது, ஆனால் அது ஓடுகிற வீட்டில் சாயங்காலம் ஆகிவிட்டது. எங்கள் தொழிலில், இன்னொருவர் எழுதிய கோடில் கைவைக்காமல் சுற்றிலும் எழுதி அதன் நடத்தையை மாற்றுபவனுக்குத் தனி மரியாதை உண்டு. அந்த வருடம்தான் 'புன்னகை மன்னனி'ல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து ரீ-ரெக்கார்டிங் தியேட்டர்களை மிரள வைத்தார் என்பதையும் சேர்த்து யோசிக்கிறேன். ஒரு கையில் மெஷின், மறு கையில் மூச்சுவிடுகிற மனிதர்களின் வில்.

அடுத்த துண்டின் பெயர், '...அண்ட் வி ஹேட் எ டாக்'. பாகை வீட்டில் பார்த்தேன், பேசிக்கொண்டிருந்தோம். பண்ணைப்புரத்துக்காரர் ஒருவர் இதை இவ்வளவு சாதாரணமாகச் சொன்னதில்தான் எனக்கு எப்போதும் சிலிர்க்கும்.

எங்கள் ஊர் அய்யம்பாளையத்திலிருந்து பண்ணைப்புரம் ஒரு பகல் பஸ் பயணம். வத்தலக்குண்டு, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று மலையை ஒட்டியே போகும். எங்கள் பக்கம் கீழ்ப்பழனி மலையின் அடிவாரம், மருதாநதி அணை, அய்யம்பாளையம் நெட்டை என்று பேர் வாங்கிய தென்னை. பாவலர் வரதராஜனும் தம்பிகளும் கட்சி மேடைகளில் பாடித் திரிந்தது இந்தத் தென்மாவட்டங்களில்தான். அதனால் ராஜா பாட்டு எங்கள் வீடுகளில் விருந்தாளி கிடையாது. ஆனால் இந்த ஆல்பம் வந்த விதம் வேறு.

அன்றைக்குக் கேசட் கடையில் மூன்று அலமாரி: சினிமா, பக்தி, ஒலிச்சித்திரம். இது எதிலும் சேராது. காலி கேசட்டும் பாட்டு லிஸ்ட்டும் கொடுத்தால் பதிந்து தருவார்கள். கடைசிப் பாட்டு முடிந்து ஏழெட்டு நிமிஷம் டேப் மிச்சமிருந்தால், அதைச் சும்மா விடக்கூடாது என்று எதையாவது நிரப்புவார்கள். எங்கள் சித்தப்பாவின் கேசட் ஒன்றில், 'மௌன ராகம்' முடிந்த இடத்தில் அப்படி ஒன்று கிடந்தது. எல்லாப் பாட்டின் பெயரையும் அட்டையில் அழகாக எழுதிய கடைக்காரர், கடைசி வரியில் 'மியூசிக்' என்று மட்டும் எழுதியிருந்தார். அதற்கு எப்படிப் பெயர் வைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை! நான் பள்ளிக்கூடம் போகிற வயதில், கரண்ட் போன ராத்திரிகளில், பேட்டரி செட்டில் அதைத்தான் திரும்பத் திரும்பப் போடுவோம். பேட்டரி இறங்க இறங்க வயலின் இழுக்கும், தாழும். அதுவும் அந்த இசையின் பகுதி என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

1988இல் பாலு மகேந்திராவின் 'வீடு' வந்தது. பாட்டே இல்லாத படம். பின்னணிக்கு அவர் எடுத்துக்கொண்டது இந்த ஆல்பத்தை. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால், ஒரு பெண் தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு மெட்ராஸில் சொந்தமாக ஒரு வீடு கட்டப் பார்க்கிறாள். நிலம், லோன், காண்ட்ராக்டர், சிமெண்ட். கதை அவ்வளவுதான். படத்துக்காக நிஜமாகவே ஒரு வீட்டை அஸ்திவாரத்திலிருந்து எழுப்பினார்கள். சொக்கலிங்க பாகவதர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, பாதி எழும்பிய சுவரைத் தடவிப் பார்ப்பார். கட்டி முடிந்த வீட்டைப் பார்க்க அவர் இருக்கமாட்டார். கடைசியில், அந்த நிலம் குடிநீர் வாரியத்துக்கு என்று எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டதாகத் தெரியவரும். அர்ச்சனாவுக்கு தேசிய விருது, சிறந்த தமிழ்ப் படத்துக்கான விருதும்.

பெரிய படம். ஆனால் அது ஆல்பத்துக்கு என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். காரணம் இல்லாமல் அலைந்த துக்கத்துக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது. 'சிச்சுவேஷன்' இல்லாமல் பிறந்த இசைக்கு, தமிழன் இரண்டே வருடத்தில் ஒரு 'சிச்சுவேஷனை'க் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டான். வெறும் இசையாக நம்மால் ஓர் ஆல்பத்தை ரொம்ப நாள் வைத்திருக்க முடியவில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அதே 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்' வந்தது. அழகானது, ஆனால் எனக்கு அது கொஞ்சம் தெளிந்த வானம். முந்தையதன் மூட்டம் அதில் இல்லை. பிறகு 1993இல் ராயல் ஃபில்ஹார்மானிக்கோடு பதிந்த சிம்பொனி வெளிவரவே இல்லை. 2005இல் திருவாசகம். அந்த வரிசை அறுந்து அறுந்துதான் போனது. அலமாரி நாலாவதாக ஒன்று வந்திருந்தால் தொடர்ந்திருக்குமோ என்னவோ.

சித்தப்பாவிடம் இந்தச் சண்டையைப் பலமுறை போட்டிருக்கிறேன். "அது 'வீடு' படத்து மியூசிக்டா" என்பார். இல்லை சித்தப்பா, படத்துக்கு ரெண்டு வருஷம் முந்தியே வந்தது, கதையே கிடையாது, சும்மா இசை என்பேன். அவர் தொண்ணூறுகளில் லோன் போட்டு அய்யம்பாளையத்தில் மாடி வைத்து வீடு கட்டியவர். பிள்ளைகள் இரண்டு பேரும் பெங்களூரில். மாடி பூட்டியே கிடக்கிறது, தேங்காய் போட்டு வைக்கிறார்கள். போன மாதம் முழு ஆல்பத்தையும் என் போனில் வைத்து அவர் காதில் மாட்டிவிட்டேன். பத்துத் துண்டையும் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"அட போப்பா, நீ என்ன வேணா சொல்லு. நான் வீடு கட்டுனவன்" என்றார்.