நூலை நிறுத்துப் பார்த்தால் போதுமா?



எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்த ஒருவன் போன வாரம் போன் பண்ணினான். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் மேனேஜர். "டீச்சர், வேலை பார்க்கிறவங்களை அளக்கப் புதுசா ஒரு முறை கொண்டு வரச் சொல்றாங்க. எல்லாரும் என்னைத்தான் திட்டுறாங்க" என்றான். அவனுக்குச் சொன்ன பழைய கதை இது.

என் அப்பா இங்கே கோவில்பட்டியில் மில் தொழிலாளி. ரிங் பிரேமில் சைடு பார்த்தவர். ஒரு ஷிப்டில் எத்தனை கிலோ நூல் என்பதுதான் வீட்டில் கேட்ட பேச்சு. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 840 கஜம் ஒரு சிட்டம். 20 சிட்டம் ஒரு பவுண்டு நின்றால் 20-ஆம் நம்பர் நூல், 40 சிட்டம் நின்றால் 40-ஆம் நம்பர். ஆக, ஒரே எடைக்கு 40-ஆம் நம்பரில் இரண்டு மடங்கு நீளம் நூற்க வேண்டும். மெலிந்த நூலுக்கு முறுக்கும் கூட வேண்டும், அதனால் இன்னும் மெதுவாகத்தான் வரும். தராசுக்கு இதெல்லாம் தெரியாது. மெல்லிய நூல் நூற்கிறவன் அதன் கண்ணுக்குச் சோம்பேறி.

1952-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் நிபுணர்கள் இந்திய ஆலைகளுக்கு வந்தார்கள். உற்பத்தித் திறன் என்ற சொல் பரவிய காலம் அது. 1956-ல் கோவையில் மில்காரர்களே சேர்ந்து தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 'சிட்ரா' என்றால் மில்லில் எல்லோருக்கும் தெரியும். 100 கிலோ நூலுக்கு எத்தனை ஆள்மணி ஆகிறது என்பது அவர்கள் மில்களை ஒப்பிடும் அளவு. ஹெச்.ஓ.கே. என்பார்கள். எந்த நம்பர் நூலானாலும் 40-ஆம் நம்பருக்கு மாற்றிய பிறகுதான் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். கணக்கு டீச்சராக எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பின்னங்களைக் கூட்டும் முன் பகுதியைச் சமமாக்கச் சொல்லித் தருகிறோமே, அதே வேலை.

ஆனாலும் அந்த எண் குறைவதை அப்பா ரசிக்கவில்லை. ஆள்மணி குறைகிறது என்றால் ஆள் குறைகிறது என்று அவருக்குத் தெரியும். தவறாகவும் சொல்லவில்லை.

இன்னொன்று, பஞ்சு. நம்ம கரிசலின் கருங்கண்ணி இழை நீளம் குறைந்தது, மெல்லிய நூலுக்கு இழுத்தால் அறுந்துகொண்டே இருக்கும். மட்டமான பஞ்சு வந்த நாட்களில் அப்பா எட்டு மணி நேரமும் இழை முடிந்தே அலைவார். ரிஜிஸ்தரில் அன்றைக்கு உற்பத்தி குறைவு, திட்டு அவருக்கு. (மில்லின் பெயர் வேண்டாம்.) நூறு கதிருக்கு மணிக்கு எத்தனை இழை அறுகிறது என்று எண்ணும் அளவும் உண்டு. அதை யாராவது அன்றைக்கு எண்ணிப் பார்த்திருந்தால் குறை ஆளிடமா பஞ்சிலா என்று தெரிந்திருக்கும்.

எனக்கும் இது நடந்தது. ஒரு வருடம் இரண்டு பள்ளிகளின் தேர்ச்சி விழுக்காட்டைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, குறைந்த பள்ளியின் டீச்சர் என்று என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் விடிகாலையில் தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்கிவிட்டு வருகிறவர்கள். அதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. நின்றேன். இன்றும் அந்தப் பெஞ்சு ஞாபகம் இருக்கிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவன், "எங்ககிட்ட ரெண்டு லைன் இருக்கு டீச்சர். ஒண்ணு பழைய மெஷின். ரெண்டுக்கும் ஒரே இலக்குதான் போட்டிருக்கேன்" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மில்லில் வேலை பார்த்த சொந்தங்கள் இதைப் படித்தால், நான் தப்பாகச் சொன்னதைத் திருத்தி எழுதுங்கள்.