தூங்கும் சிப்பும் எரேட்டாத் தாளும்

அச்சன்புதூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஆனி, ஆடிச் சாரல் நாள்கணக்கில் வெயிலை மறைத்துவிடும். அங்கே ஒரு மழைமானியோ, அடவிநயினார் அணையின் நீர்மட்டம் பார்க்கும் கருவியோ வைப்பதானால் சோலார் தகட்டை மட்டும் நம்பி இருக்க முடியாது. பேட்டரியில் இருப்பதைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். அதனால் உள்ளே இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் பெரும்பொழுது உறங்கியே கிடக்க வேண்டும். விழித்திருக்கையில் மில்லிஆம்பியர் கணக்கில் மின்சாரம் இழுக்கும் சிப், ஆழ்ந்த உறக்கத்தில் மைக்ரோஆம்பியர் கணக்குக்கு இறங்கிவிடும். ஆனால் உறங்கப் போகும் நொடியிலும் விழிக்கும் நொடியிலும் தவறு நேர இடமுண்டு. இந்தத் தவறுகளின் வரலாற்றைப் பார்த்தால், தொழிலைக் காப்பாற்றியது குறையற்ற சிலிக்கான் அல்ல, குறையை எழுதி வெளியிடும் வழக்கம்தான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

1976இல் வந்த ஆர்சிஏ 1802 சிப்பில், கடிகாரத் துடிப்பை முழுதாக நிறுத்தினாலும் உள்ளிருக்கும் தகவல் அழியாது. பின்னர் வந்த இன்டெல் 80சி51இல் பவர்-டவுன் நிலை இருந்தது. ஆனால் ரீசெட் செய்தால்தான் அதிலிருந்து மீள முடியும். தானே நேரம் பார்த்து விழிக்கும் சிப்புகள் பெருகிய பிறகுதான் சிக்கல் நுணுக்கமானது. அட்மெல் நிறுவனத்தின் ஏடிமெகா32ஐ எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 32,768 முறை துடிக்கும் கிரிஸ்டலின் துடிப்பை 128ஆல் வகுத்தால் 256 வரும். எட்டு பிட் டைமர் விநாடிக்கு ஒருமுறை நிரம்பி வழியும். அப்போது எழும் இன்டரப்ட் என்னும் குறிப்புதான் சிப்பை எழுப்புகிறது. விழித்த சிப் கிரிஸ்டலின் ஒரு துடிப்பு, அதாவது ஏறக்குறைய 30 மைக்ரோவிநாடி, கடக்கும் முன் மறுபடி உறங்கினால் எழாமலே போகலாம் என்று டேட்டாஷீட் எச்சரிக்கிறது. அதற்கு அதுவே சொல்லும் வழி: டைமர் பதிவேடு ஒன்றில் ஏதாவது எழுதி, எழுத்து பதிவாகும்வரை காத்திருப்பது. ஆனால் டைமர் எண்ணிக்கை 0 ஆக இருக்கும்போது அப்படி எழுதினால் இன்டரப்ட் தொலையக்கூடும் என்கிறது, சிப்பின் குறைகளைப் பட்டியலிடும் எரேட்டாத் தாள். நிரம்பி வழிந்து விழித்த கணத்தில் எண்ணிக்கை 0தானே! ஒரு பரிகாரம் நேராக இன்னொரு குறையில் கொண்டுபோய் விடுகிறது. இரண்டு தாள்களையும் சேர்த்துப் படித்தவர், எண்ணிக்கை நகரும்வரை சுமார் 4 மில்லிவிநாடி பொறுப்பார். அளவெடுக்கும் வேலையை அந்த இடைவெளியிலேயே முடித்தால் அந்த விழிப்பும் வீணாகாது. ஒன்றை மட்டும் படித்தவரின் கருவியில் அவ்வப்போது ஒரு விநாடி காணாமல் போகலாம். மழையின் வேகத்தைக் கணக்கிடுபவருக்கு அது சின்ன விஷயமில்லை.

பிழையுள்ள பொருளை விற்றுவிட்டு, சுமையை நிரல் எழுதுபவர் தலையில் கட்டுவது நியாயமா என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் சிப்பைத் திருத்தி மறுபடி வார்க்க மாதங்கள் ஆகும். பலகையில் ஏற்கெனவே பற்றவைத்த சிப்புகளை அந்தத் திருத்தம் எட்டாது. அவற்றை எட்டக்கூடியது நிரல் ஒன்றுதான், குறை இன்னதென்று தெரிந்தால். மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1994 பென்டியம் விவகாரமே சாட்சி. அந்தச் சிப்பின் வகுத்தலில் இருந்த பிழையை இன்டெல் அறிந்தும் வெளியே சொல்லவில்லை. பேராசிரியர் தாமஸ் நைஸ்லி அதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். கடைசியில் 47.5 கோடி டாலர் இழப்பு. அதன்பின் இன்டெல் தன் சிப்புகளின் பிழைப்பட்டியலைப் பொதுவில் வெளியிடத் தொடங்கியது.

இப்போதெல்லாம் நூலக நிரல்களே குறையைச் சமாளித்துவிடும், தாளைப் படிப்பானேன் என்பது அடுத்த வாதம். எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி32 சிப்பின் முதல் பதிப்பு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழும்போதும், முதன்முதல் மின்சாரம் கொடுக்கும்போதும் அதில் வாட்ச்டாக் என்னும் காவல் டைமர் காரணமின்றி ரீசெட் செய்யும். எழும்போது நேர்வதை எஸ்பிரெசிஃப்பின் நிரல் தானே சரிக்கட்டியது. மின்சாரம் கொடுக்கும்போது நேர்வதை எந்த நிரலாலும் தடுக்க முடியாது, சிப் அதன்பின் வழக்கம்போல ஓடும் என்று அந்நிறுவனமே எரேட்டாத் தாளில் ஒரு பத்தியாக எழுதிவைத்தது. அடுத்த பதிப்பில் குறை சிலிக்கானிலேயே நீங்கிவிட்டது. ஆனால் கையிலிருப்பது முதல் பதிப்பா என்று பார்த்துக்கொள்வதும், தொடக்கத்தில் வரும் அந்த ஒரு ரீசெட்டைப் பழுதென்று எண்ணிப் பலகையைக் கழற்றாமல் விடுவதும் அந்தப் பத்தியைப் படித்தவரால்தான் முடியும்.