அடுக்களை பயின்ற இளையோர்: பம்பாய்த் தமிழர் உணவு வரலாறு

ஒரு குடியேற்றத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், சங்கம் தோன்றிய ஆண்டையும், கோயிற் குடமுழுக்கையும், பள்ளி தொடங்கிய நாளையும் முதலிற் குறிப்பது மரபு. நம் ஆண்டு மலர்களும் அவ்வழியே நடந்து வந்துள்ளன. அவை யாவும் போற்றத் தக்கனவே. ஆயினும், ஊர் விட்டு ஊர் வந்தவனைப் புகைவண்டி இறக்கிவிட்ட அன்று மாலையே எதிர்கொண்ட வினா வேறு. "இன்றிரவு உண்பது என்ன? அதைச் சமைப்பவர் யார்?" என்பதே அது. அவ்வினாவுக்கு விடை கண்டவர் அறிஞரும் அல்லர், தலைவரும் அல்லர். தாயின் கைப்பக்குவத்தை உண்டு வளர்ந்து, அடுப்பு மூட்டக்கூட அறியாது வந்த இளைஞரும், மணமான சின்னாளில் கணவனுடன் வந்திறங்கிய இளம்பெண்களுமே ஆவர். அவர்தம் துணிவும், தடுமாற்றமும், கண்டுபிடிப்பும் எழுதப்படாமலே கிடக்கின்றன. அவற்றுள் நாம் அறிந்த சிலவற்றை ஈண்டுத் தொகுத்துரைப்போம்.

முதற்கண் ஓர் உண்மையை நினைவிற் கொள்ளல் நலம். தமிழர் அடுக்களையும் மராட்டியர் அடுக்களையும் பம்பாயில்தான் முதன்முறை சந்தித்தன என்பதில்லை. 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்டவர் மராட்டிய மன்னர். இரண்டாம் சரபோசியின் அரண்மனைச் சமையற் குறிப்புகள் 'சரபேந்திர பாக சாஸ்திரம்' என்னும் பெயரால் இன்றும் சரசுவதி மகாலின் வழியே நமக்குக் கிட்டுகின்றன. நாம் போகிப் பண்டிகைக்குத் தட்டும் போளி மராட்டியர் இல்லத்துப் 'பூரண் போளி'யின் உடன்பிறப்பு. தஞ்சைப் பாகற்காய்ப் பிட்லைக்கும், கடலைமாவைக் கரைத்துக் கிண்டும் மராட்டியப் 'பிட்லெ'க்கும் பண்டம் வேறாயினும் பெயர் ஒத்திருத்தல் காண்க. ஆகவே, மாதுங்காவில் குடியேறிய தஞ்சைப் பெண், அண்டை வீட்டு மராட்டியப் பெண்ணின் அடுப்படியில் கண்டது முற்றிலும் அயலானதன்று. தூரத்து உறவினர் வீடு போன்றதே.

பம்பாயில் 1896ஆம் ஆண்டு பிளேக் நோய் பரவியது. அதன்பின் நகர நெருக்கடியைக் குறைக்க 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு அமைந்தது. அதன் திட்டத்தால் தாதரும் மாதுங்காவும் மனைகளாக வகுக்கப்பட்டுக் குடியிருப்புகள் எழுந்தன. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, எழுத்தர் வேலை தேடி வந்த தென்னாட்டு இளைஞர் அங்கே ஓர் அறைக்கு நால்வர் ஐவராகத் தங்கினர். ஒருவர் அரிசி களைய, ஒருவர் காய் நறுக்க, முறை வைத்துச் சமைத்தனர். குழம்பில் உப்பு மிகுந்த நாளும், சோறு அடிபிடித்த நாளும் பல. அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதத்தைப் பிழையின்றித் தட்டியவன், அறைக்கு வந்து கடுகு வெடிக்கும் முன்னரே பெருங்காயத்தைக் கருக விட்டான் என்றால் நகைப்பார் யார்? எல்லோரும் அவ்வழியே வந்தவர்தாம்!

இவர்கள் பசி தீர்க்கவே உணவு விடுதிகள் எழுந்தன. உடுப்பிப் பகுதியிலிருந்து சிறுவனாக இந்நகர் வந்த ஏ. ராம நாயக் 1936ஆம் ஆண்டு மைசூர் கஃபேயையும், 1942ஆம் ஆண்டு மாதுங்கா நிலையத்தருகே உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண போர்டிங்கையும் நிறுவினார். ராம ஆசிரயம் 1939இலும், கஃபே மதராஸ் 1940இலும் தோன்றின. பாலக்காட்டு வழி வந்த மணீஸ் லஞ்ச் ஹோம் 1937இல் தொடங்கியது. வாழையிலையும், அளவில்லாச் சாப்பாடும், டிகிரி காப்பியும் இளைஞனை ஊர் நினைவால் வாடாமற் காத்தன. சமையல் கல்லாதவன் அங்கே உண்டான். கற்க விழைந்தவன் அங்கே சுவையை நினைவிற் கொண்டு, அறைக்குச் சென்று அதனைத் தேடினான்.

இனித் தாராவிக்குச் செல்வோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து, வறட்சியாலும் வறுமையாலும் சாதிக் கொடுமையாலும் உந்தப்பட்டு வந்தோர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் அங்கே தோல் பதனிடும் தொழிலில் உழைத்தனர். அவர்தம் இல்லங்களில் தனி அடுக்களை என ஒன்று இல்லை. ஒரே அறையின் ஒரு மூலையே அடுக்களை. ஆயினும் அம்மூலையிலிருந்து இந்நகருக்கே காலை உணவு கிளம்பியது. விடியுமுன் எழுந்து இட்டலி அவித்துச் சட்டினி அரைப்பர் இல்லத்தார். ஏனங்களை மிதிவண்டியிற் கட்டிக்கொண்டு ஒலிகுழல் ஊதியபடி தெருத்தெருவாகச் செல்வர் இளைஞர். இன்றும் இக்காட்சியைக் காணலாம். முறுக்குப் பிழிந்து கடைகளுக்கு அளிக்கும் இல்லங்களும் அங்கே உள. பம்பாய்க்காரர் அதனைச் 'சக்லி' என்று வாங்கி உண்பர். மாதுங்கா விடுதிகளின் பெயரும் ஆண்டும் ஏட்டில் உள்ளன. தாராவிப் பெண்களின் பெயரோ எவ்வேட்டிலும் இல்லை. இவ்வேறுபாட்டை நாம் மறத்தல் தகாது.

இளையோரின் கைத்திறத்தைப் பெரிதும் சோதித்தது இரண்டாம் உலகப் போர். 1942ஆம் ஆண்டு பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி வருவது நின்றது. 1943ஆம் ஆண்டு மே மாதம் பம்பாயில் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டில்தான் வங்கத்தில் பெரும்பஞ்சம் பல இலட்சம் உயிர்களைக் குடித்தது. அரிசியின் அளவு சுருங்க, கோதுமையும் சிறுதானியமும் அட்டையின்படி வழங்கப்பட்டன. முப்போதும் அரிசியே உண்டவர் கோதுமையை என் செய்வது என்று திகைத்தனர். மாவு பிசைவது சோறு வடிப்பது போலன்று. நீர் சற்றுக் கூடினால் கையில் ஒட்டும், குறைந்தால் விரியும். பிசைந்த மாவைச் சிறிது நேரம் ஈரத்துணியால் மூடி வைத்தாலன்றிச் சப்பாத்தி மென்மையாகாது. இதனை நம் வீட்டுப் பெண்டிர் கற்றது நூலிலிருந்து அன்று. தண்ணீர்க் குழாயடியில் சந்தித்த குஜராத்தி, மராட்டியப் பெண்டிரிடமிருந்தே. முதலிற் சுட்டவை வட்டமாக அமையாது தேசப்படம் போல அமைந்தன. வீட்டுச் சிறுவர் அவற்றுள் எது இலங்கை, எது கன்னியாகுமரி என்று காட்டிச் சிரித்தனர். ஆயினும் பசி தீர்ந்தது. பெங்களூரில் எம். டி. ஆர். விடுதியார் அரிசித் தட்டுப்பாட்டினால் ரவா இட்டலியைப் படைத்ததும் இப்போர்க்காலத்திலே என்பர். தட்டுப்பாடு தந்த கொடை அது.

நிற்க. போருக்குப் பின் மணமாகி இங்கு வந்த இளம்பெண்ணின் நிலையைச் சற்று எண்ணுக. மாமியாரும் இல்லை, தாயும் இல்லை, ஐயம் கேட்க ஆயிரம் கல் தொலைவுக்குக் கடிதம் எழுத வேண்டும். மறுமொழி வருவதற்குள் குழம்பு ஊசிப்போகும்! இக்குறையைத் தீர்த்தவர் சென்னையைச் சேர்ந்த எஸ். மீனாட்சி அம்மாள். இளமையிலேயே கணவனை இழந்த அவ்வம்மையார், வெளியூர் சென்ற உறவுப் பெண்களுக்குக் கடிதம் வாயிலாகச் சமையல் முறைகளை எழுதியனுப்பி வந்தார். அவற்றை நூலாக்குமாறு தூண்டியவர் அவருடைய உறவினரான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர். 1951ஆம் ஆண்டு 'சமைத்துப் பார்' நூலின் முதற்பாகம் வெளிவந்தது. பிற பாகங்களும் தொடர்ந்தன. பின்னர் ஆங்கிலத்திலும் வந்து, கடல் கடந்த இல்லங்களையும் அடைந்தது. கைமணம் என்று மறைபொருளாகக் கிடந்ததை, இத்தனை ஆழாக்கு, இத்தனை பலம் என்று அளந்து காட்டிய பெருமை அந்நூலுக்கு உண்டு. அடுப்பறியாத பெண்ணும் அதனைத் திறந்து வைத்துக்கொண்டு துணிந்து வற்றற்குழம்பு வைத்தாள்.

ஆனால் அளவிலும் ஒரு சிக்கல் முளைத்தது. மூன்று தோலா ஒரு பலம். நாற்பது பலம் ஒரு வீசை. எட்டு ஆழாக்கு ஒரு படி. இவை நம் நாட்டு வழக்கு. பம்பாய்க் கடைக்காரனுக்குப் பலமும் தெரியாது, வீசையும் தெரியாது. சென்னை மணங்கு 25 ராத்தல் என்றால், பம்பாய் மணங்கு 28 ராத்தல். இதைக் கணக்கிட்டுத் தேறிய வேளையில், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் அளவை வந்தது. 1958 முதல் கிலோவும் கிராமும் கடைத்தராசில் ஏறின. ஒரு வீசைப் புளி ஏறத்தாழ 1,400 கிராம் ஆயிற்று. பள்ளியில் புதுக்கணக்குப் பயின்ற மகளும் மகனுமே தாய்க்கு இதனை விளக்கினர். அடுக்களையில் இளையோர் ஆசிரியரான காலம் அது.

அடுப்பும் மாறியது. ஊதி ஊதிக் கண் சிவக்க மூட்டிய கரிச் 'சிகடி'யும், மண்ணெண்ணெய் அடுப்பும் நம் குடியிருப்புகளில் நெடுநாள் புகைந்தன. 1955ஆம் ஆண்டு செம்பூரை அடுத்த மாகூலில் பர்மா ஷெல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அந்நிறுவனமே அதே ஆண்டில் சமையல் எரிவாயுவை உருளைகளில் அடைத்து இந்நகரில் விற்கலாயிற்று. இந்திய இல்லங்களுள் முதன்முதலில் நீலச்சுடரைக் கண்டவை பம்பாய் இல்லங்களே. 1959இல் ஹாக்கின்ஸ் அழுத்தக்கலம் பம்பாயிலேயே பிறந்தது. அதே பத்தாண்டில் கோயம்புத்தூரில் மின்னாட்டுக்கல் உருவாகி, காலப்போக்கில் இங்கும் வந்தது. மாடிக் குடியிருப்பில் ஆட்டுக்கல் உருளும் ஓசையைக் குறித்துக் கீழ்வீட்டார் முறையிடும் பூசலும் ஒருவாறு தணிந்தது.

இவற்றினும் சுவையானது, நம் சிறுவர் புதுப்பண்டங்களைக் கண்டு கொணர்ந்த கதை. பள்ளித் தோழன் பெட்டியில் கண்ட அவல் உப்புமாவாகிய 'போகே', கம்பும் சோளமும் தட்டிச் சுட்ட 'பாக்ரி', புளிக்கு மாற்றான 'கோகம்' ஆகியவற்றை அவர்கள் வீட்டிற்கு வந்து வேண்டினர். கம்பும் சோளமும் நம் கரிசற்காட்டு உழவரின் உணவே என்று பாட்டி கூற, பேரன் வியந்தான். நோன்பு நாளில் மராட்டியர் உண்ணும் 'சாபுதானா கிச்சடி' வேறெதுவும் அன்று, நம் சவ்வரிசியே. போரினால் மலேயாச் சவ்வரிசி வரத்து நின்றபோது, 1943ஆம் ஆண்டு சேலத்தில் மாணிக்கம் செட்டியார் முயற்சியால் மரவள்ளிக் கிழங்கிலிருந்து சவ்வரிசி செய்யும் தொழில் வேரூன்றியது. சேலத்துச் சவ்வரிசி மராட்டியர் நோன்பை நிறைவேற்ற, பம்பாயின் பெயர் நம் நாட்டு அடுக்களைக்குச் சென்றது. வெள்ளை ரவையைத் தமிழகத்தார் 'பம்பாய் ரவை' என்பர்; பூரிக்குத் தொட்டுக்கொள்ளும் கடலைமாவுக் கூட்டை 'பம்பாய்ச் சட்டினி' என்பர். அப்பம்பாய்ச் சட்டினி மேலே கூறிய மராட்டியப் பிட்லெயை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதைச் சுவைத்தவர் அறிவர்.

வரலாறு என்னும்போது கசப்பையும் மறைத்தல் கூடாது. 1966ஆம் ஆண்டு சிவசேனை தோன்றியது. வேலை வாய்ப்பை முன்னிட்டுத் தென்னிந்தியர்மீது சினம் மூட்டப்பட்டது. நம்மவர் உணவு விடுதிகள் சில தாக்குதலுக்கு ஆளாயின. அதே 1966இல்தான் தாதர் நிலையத்தருகே அசோக் வைத்யா என்பார் வடா பாவினை விற்கத் தொடங்கினார் என்பது இந்நகர வழக்கு. போர்ச்சுகீசியர் தந்த ரொட்டியினுள், அமெரிக்காவிலிருந்து அவர்கள் வழியே வந்த உருளைக்கிழங்கும் மிளகாயும் சேர்ந்த பண்டம் அது. நம் இளைஞர் அதனை விருப்புடன் உண்டனர். மராட்டிய இளைஞர் நம் தோசையை விட்டாரில்லை. தெருவில் எழுந்த பகை, நாவினைப் பிரிக்க இயலாது தோற்றது. இது நமக்கு ஒரு படிப்பினை. பிறர் உணவை இழிவாகப் பேசாதிருத்தல் நம் கடனும் ஆகும். அசைவம் உண்பாரை வீட்டில் குடிவைக்க மறுக்கும் வழக்கம் நம்மிடையேயும் இருந்ததன்றோ?

இறுதியாக ஒன்று கூறுவோம். 'சமைத்துப் பார்' ஒரு சாராரின் சைவ உணவைக் காத்தது. திருநெல்வேலிச் சொதியும், கூட்டாஞ்சோறும், உளுந்தங்களியும், கருவாட்டுக் குழம்பும் தாராவியின் ஒற்றை அறையில் எவ்வாறு உருமாறின என்பதை எழுதி வைத்தார் எத்தனை பேர்? தேங்காய் விலையேறிய நாளில் எதைக் குறைத்தனர்? சின்ன வெங்காயம் கிட்டாத நாளில் எதைச் சேர்த்தனர்? இவற்றை அறிந்த மூதாட்டியர் நாளுக்கு நாள் அருகி வருகின்றனர். அவர் மறையின் அச்சுவையும் உடன் மறையும்.

ஆகவே, நம் குடியிருப்பின் இளைஞரும் மகளிரும் வீட்டிலுள்ள மூத்தோர் அருகமர்ந்து, ஒரே ஒரு பண்டத்தையேனும் அவர் செய்யும் முறைப்படி தம் கையாற் செய்து பார்ப்பாராக. அவர் 'கொஞ்சம்' என்று கையால் அள்ளுவதைத் தராசிலிட்டுக் கிராமில் குறிப்பாராக. எவ்வூரில் கற்றது, எவ்வாண்டில் இங்கு வந்தது, எதனால் மாறியது என்பதையும் சேர்த்து எழுதுவாராக. ஆண்மக்களும் இதில் விலக்கல்லர். மாதுங்கா அறைகளில் முதலில் அடுப்பு மூட்டியவர் ஆண்களே என்பதை மறவற்க. அவ்வாறு தொகுத்த ஏடு, எதிர்காலத்தில் எந்நகருக்கோ வேலை தேடிச் செல்லும் நம் மக்களின் பெட்டியில் முதற்பொருளாக இருக்கும்.