பிக்-அப் டிரக்கின் முன்பக்க நடுக்கமும் ஸ்டீயரிங் ஆட்டமும்

முன்பக்க நடுக்கம் என்பது, ஓடும் வண்டியின் முன் சக்கரங்கள் இடமும் வலமுமாக மாறி மாறி விரைந்து திரும்பி, அந்த உதறல் ஸ்டீயரிங் வழியாக ஓட்டுநரின் கைக்கு வரும் கோளாறு. ஸ்டீயரிங் ஆட்டம் என்பது, ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பியும் சக்கரம் திரும்பாமல் வீணாகும் அசைவு. பட்டறைகளில் இதை ‘ப்ளே’ என்பார்கள். இரண்டும் சேர்ந்தும் வரும், தனித்தனியாகவும் வரும். எந்தத் தளர்வு எதை உண்டாக்குகிறது என்பது, அத்தளர்வு ஸ்டீயரிங் பாக்ஸுக்கு மேலே இருக்கிறதா, கீழே சக்கரத்தின் பக்கம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதே ஒவ்வொரு மூட்டையும் கண்ணால் பார்த்துச் சோதிப்பதே சரியான கண்டறிமுறை. உதிரிபாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது கண்டறிமுறை ஆகாது.

அமைப்பு

இக்கோளாறு மிகத் தெளிவாக வெளிப்படுவது அமெரிக்காவின் கனரகப் பிக்-அப்களில். 1994 முதல் வந்த டாட்ஜ் ராம் 2500, 3500 வகைகளிலும், 2005 முதல் வந்த ஃபோர்டு எஃப்-250, எஃப்-350 வகைகளிலும், நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிகளில் இரு முன் சக்கரங்களும் ஒரே திட அச்சின் இரு முனைகளில் உள்ளன. அச்சின் மேல் சுருள் ஸ்பிரிங்குகள். பாரம் சுமக்கவும் இழுக்கவும் இந்த அமைப்பு வலுவானது. ஆனால் சுருள் ஸ்பிரிங் எடையைத் தாங்குமே தவிர, அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடித்து வைக்காது. அந்த வேலையை டிராக் பார் என்ற ஒரே தண்டு செய்கிறது. அதன் ஒரு முனை சேசிஸிலும் மறுமுனை அச்சிலும் பூட்டப்பட்டிருக்கும். ஸ்டீயரிங் பாக்ஸும் சேசிஸில்தான் இருக்கிறது. அதிலிருந்து டிராக் லிங்க் என்ற இன்னொரு தண்டு சக்கரத்துக்குப் போகிறது. ஆகவே டிராக் பாரின் முனை தேய்ந்து அச்சு பக்கவாட்டில் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும்; ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் தொடாமலே டிராக் லிங்க் சக்கரத்தைத் திருப்பிவிடும். ஆட்டமும் நடுக்கமும் ஒருங்கே வரும் வண்டியில் முதலில் டிராக் பாரைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

நடுக்கம் பிறக்கும் விதம்

வேகமாகச் சுழலும் சக்கரத்தைச் சாய்த்தால் அது பக்கவாட்டில் திரும்ப முயலும். திருப்பினால் சாய முயலும். திட அச்சில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அச்சு முழுவதும் சாய்கிறது, உடனே இரு சக்கரங்களும் திரும்ப முயல்கின்றன. அந்தத் திருப்பம் மறுபடியும் அச்சை உலுக்குகிறது. மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் இந்தச் சுழற்சி ஓரிரு அசைவில் அடங்கிவிடும். தளர்வு இருந்தால் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். 1920களில் பலூன் டயர்களும் முன்சக்கர பிரேக்கும் பரவியபோது கார்களிலும் இதே தொல்லை பெருகியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1934-இல் தனித்தனி முன் சஸ்பென்ஷனுக்கு மாறியதற்கு, மாரிஸ் ஓலி போன்ற பொறியாளர்கள் ஆராய்ந்த இந்த நடுக்கமும் ஒரு காரணம்.

எல்லா உதறலும் இந்த வகையைச் சேர்ந்ததல்ல. சுமார் 80 செ.மீ. விட்டமுள்ள டயரின் சுற்றளவு 2.5 மீட்டர், மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் அது நொடிக்குப் பத்து முறை சுழலும். பேலன்ஸ் தவறிய சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் உதை கொடுப்பதால், குறிப்பிட்ட வேகத்தில் உதறல் தோன்றி, வேகம் மாறியதும் தணிகிறது. பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க்கின் தடிமன் சீரற்றுப் போயிருக்கலாம். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கிய கணத்தில் தொடங்கி, வண்டியை நன்றாக மெதுவாக்கும்வரை அடங்காமல் உலுக்கினால் அதுவே தன்னைத் தானே வளர்க்கும் நடுக்கம். சோதனை ஓட்டத்தில் இந்த மூன்றையும் பிரித்தறிந்த பிறகே வண்டிக்கு அடியில் போக வேண்டும்.

தளர்வு இருக்கும் இடம்

இரு முன் சக்கரங்களையும் ஒன்றாகத் திருப்பும் தண்டான டை ராடின் முனையில் 1 மி.மீ. தளர்வு இருப்பதாகக் கொள்வோம். சக்கரத்தைத் திருப்பும் கையின் (ஸ்டீயரிங் ஆர்ம்) நீளம் 15 செ.மீ. என்றால், சக்கரம் ஏறத்தாழ 0.4 பாகை கட்டுப்பாடின்றி ஆடும். ஸ்டீயரிங் விகிதம் 16:1 என்றால் அதே தளர்வு ஸ்டீயரிங்கில் 6 பாகையாக, 40 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கின் விளிம்பில் சுமார் 2 செ.மீ. அசைவாகத் தெரியும். பாக்ஸுக்கு மேலே, ஸ்டீயரிங் தண்டின் இணைப்பில் உள்ள தளர்வு இப்படிப் பெருகாது. சக்கரத்தை ஆட விடவும் செய்யாது. ஆட்டம் இருந்தும் நடுக்கமே இல்லாத வண்டியில் பாக்ஸையும் அதற்கு மேலுள்ளவற்றையும் சந்தேகிக்கலாம். நடுக்கம் இருந்தால் பாக்ஸுக்குக் கீழேதான் தேட வேண்டும்.

சோதனை

வண்டி தரையில் நிற்க, எஞ்சின் ஓட, ஒருவர் ஸ்டீயரிங்கை நடுவிலிருந்து இருபுறமும் சிறிதளவு விடாமல் ஆட்ட வேண்டும். மற்றவர் அடியிலிருந்து பார்க்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிவிட்டால் மூட்டுகளின் மேல் சுமை இல்லாமல் போய், பல தளர்வுகள் ஒளிந்துகொள்ளும். டிராக் பாரின் இரு முனைகள், டிராக் லிங்க், டை ராடு முனைகள், ஸ்டீயரிங் பாக்ஸை சேசிஸோடு பிணைக்கும் போல்ட்டுகள் ஆகியவற்றை வரிசையாகக் கையால் தொட்டுப் பார்த்தால், ஒரு பாகம் அசைந்த பிறகே அடுத்தது அசையும் இடம் விரலுக்குத் தெரியும். பிறகு அச்சின் அடியில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, டயருக்குக் கீழே கடப்பாரை கொடுத்து நெம்பினால், சக்கரத்தை அச்சோடு இணைக்கும் பால் ஜாயிண்ட்டின் தேய்வு புலப்படும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது தெரியும் அசைவு, பிரேக்கை மிதித்ததும் மறைந்தால் தேய்ந்தது வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயிண்ட்.

மறுப்புகளும் விடைகளும்

புதிய ஸ்டீயரிங் டேம்பர் மாட்டியதும் நடுக்கம் நின்றுவிடுகிறதே என்பது பலரும் சொல்வது. நிற்பது உண்மைதான். டேம்பர் அசைவின் ஆற்றலை உறிஞ்சுகிறது. தளர்ந்த மூட்டை அது இறுக்குவதில்லை. தேய்வு தொடர்வதால் நடுக்கம் திரும்பி வரும், அப்போது தேய்வு இன்னும் முற்றியிருக்கும். சக்கரத்தை பேலன்ஸ் செய்ததும் சரியானது என்ற வாதத்துக்கும் இதே விடை: பேலன்ஸ் தவறியது நடுக்கத்தைத் தூண்டியது, தளர்வு அதை வளர்த்தது. தூண்டுதலை நீக்கினாலும் அடுத்த பள்ளம் அந்த வேலையைச் செய்துவிடும்.

கூலி ஒன்றுதானே, எல்லா மூட்டுகளையும் ஒரே தடவையில் மாற்றிவிடலாம் என்பது வலுவான வாதம். மிகப் பழைய வண்டிக்கு அது பொருந்தவும் கூடும். ஆனால் டிராக் பாரின் போல்ட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ, பாக்ஸ் பொருத்தப்பட்ட இடத்தில் சேசிஸ் விரிசல் கண்டிருந்தாலோ, புதிய பாகங்கள் அனைத்தும் அந்தப் பழுதின் மேலேயே பூட்டப்படும். வண்டியை உயர்த்திக் கட்டியிருந்தால் சிக்கல் வேறு வகை: அச்சு உருண்டு காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சுக்கோட்டின் பின்சாய்வு) குறைகிறது, டிராக் பாரும் டிராக் லிங்க்கும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டிய ஒழுங்கு கெடுகிறது. இதைப் புதிய மூட்டு திருத்தாது.

பாக்ஸின் மேலுள்ள திருகை இறுக்கி ஆட்டத்தைப் போக்கலாம் என்பதும் வழக்கத்தில் உண்டு. பாக்ஸின் பற்கள் அதிகம் தேய்வது நடுநிலையில். மிகையாக இறுக்கினால் பிடிப்பு கூடி, வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பி வராது. மற்ற மூட்டுகள் எல்லாம் சரியென்று உறுதியான பிறகே, உற்பத்தியாளர் குறித்த அளவுக்குள் மட்டும் அத்திருகைத் தொட வேண்டும்.

பழுது பார்த்தபின் போல்ட்டுகளை உரிய டார்க்கில் முடுக்கி, வீல் அலைன்மெண்ட் செய்து, முன்பு நடுங்கிய அதே வேகத்தில் பாதுகாப்பான சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். டேம்பரைக் கழற்றி வைத்துச் செய்யும் தரைச் சோதனையில் எந்த மூட்டிலும் தளர்வு தெரியாவிட்டால்தான் பழுது நீங்கியது என்று சொல்ல முடியும். டேம்பரைப் புதிதாக மாற்றுவது அதற்குப் பின் செய்யும் கடைசி வேலை.