யாரும் வாழாத வீடுகள்: வொல்சைஃபென் என்ற ஊரின் கதை

வொல்சைஃபென் பற்றித் தேடினால் முதலில் கண்ணில் படுவது ஒரே மாதிரியான படங்கள்தான். புல்வெளிக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் கொஞ்ச வீடுகள். கதவு இல்லை, யன்னல் இல்லை. யன்னல் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சதுர ஓட்டை. நானும் முதலில் அதைப் பார்த்துவிட்டு, 'ஐயோ, இதுக்குள்ள எத்தினை சனம் இருந்திருக்கும்' எண்டுதான் யோசிச்சன். பிறகு வாசிக்கேக்கதான் தெரிஞ்சுது, அந்த வீடுகளில் ஒரு குடும்பம்கூட ஒருநாளும் இருந்ததில்லை. படையினர் வீட்டுக்கு வீடு சண்டை பிடிக்கப் பழகுவதற்காகக் கட்டியவை அவை. உண்மையான ஊர் அதற்கு முதலே அழிஞ்சு போச்சு.

இந்தக் கட்டுரை அந்த உண்மையான ஊரைப் பற்றியது.

ஜேர்மனியின் மேற்கு ஓரத்தில், பெல்ஜிய எல்லைக்குக் கிட்ட, ஐஃபெல் எண்டு ஒரு மலைப்பிரதேசம் இருக்கிறது. குளிரும் மழையும் கூட, மண்வளம் குறைவு. ஒரு காலத்தில் இதைப் 'பிரஷ்யாவின் சைபீரியா' எண்டு நக்கலாகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே ஊர்ஃப்ட் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே, ட்ரைபோர்ன் மேட்டுநிலத்தில் இருந்ததுதான் வொல்சைஃபென். 1946இல் ஏறத்தாழ 120 குடும்பங்கள், 550 பேர். பெரும்பாலும் கமக்காரர். நடுவில் புனித ரொக் பெயரில் ஒரு கத்தோலிக்கக் கோயில், பக்கத்தில் சேமக்காலை, ஒரு பள்ளிக்கூடம். வரலாற்றுப் புத்தகங்களில் பெரிய எழுத்தில் வரக்கூடிய ஊர் இல்லை.

ஆனால் பெரிய திட்டங்கள் இந்தச் சின்ன ஊரைத் தேடி வந்துகொண்டே இருந்தன. 1900க்கும் 1905க்கும் இடையில் கீழே பள்ளத்தாக்கில் ஊர்ஃப்ட் அணையைக் கட்டினார்கள். அந்த நேரம் ஐரோப்பாவிலேயே பெரிய அணை அதுதான். மின்சாரம் கிடைத்தது, வெள்ளம் கட்டுப்பட்டது. ஊராருக்கு ஆற்றோரத்தில் இருந்த நிலம் தண்ணீருக்குள் போனது.

அடுத்தது 1934. அதிகாரத்துக்கு வந்து ஒரு வருடத்துக்குச் சற்று மேலாகியிருந்த நாசிக் கட்சி, ஊருக்கு எதிர்ப்பக்கச் சரிவில் ஃபோகல்சாங் என்ற பிரமாண்டமான கட்டடத் தொகுதியைத் தொடங்கியது. கட்சியின் எதிர்காலத் தலைவர்களைப் பயிற்றுவிக்க மூன்று இடங்களில் கட்டிய 'ஓர்டன்ஸ்பூர்க்' கோட்டைகளில் இதுவும் ஒன்று. றொபேர்ட் லை என்ற கட்சித் தலைவரின் திட்டம், கிளெமென்ஸ் குளொட்ஸ் என்ற கட்டடக்கலைஞரின் வடிவமைப்பு. 1936 ஏப்ரலில் ஹிட்லரிடம் கையளித்தார்கள். வறுமையான அந்தப் பிரதேசத்துக்கு இது வேலையையும் காசையும் கொண்டுவந்தது. வேலை கிடைத்தால் யார்தான் வேண்டாம் எண்பார்கள்? அந்தக் கட்டடம்தான் பத்து வருடத்தில் தங்கட ஊரையே இல்லாமல் ஆக்கும் எண்டு அப்போது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45இல், சண்டை இந்த மேட்டுநிலத்துக்கே வந்தது. பக்கத்து ஹூர்ட்கன் காட்டில் மாதக்கணக்காக நடந்த சமரில் இரண்டு தரப்பிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1945 பெப்ரவரியில் அமெரிக்கப் படைகள் ஃபோகல்சாங்கைப் பிடித்தன. சண்டைக்காக ஊரை விட்டுப்போன சனம் திரும்பி வந்தது. கூரையை ஒட்டுப்போட்டார்கள், வயலைத் துப்புரவாக்கி விதைத்தார்கள்.

ஒரு வருடம் போனது. 1946 ஓகஸ்ட் 13. அந்தப் பகுதி அப்போது பிரித்தானிய ஆக்கிரமிப்பு வலயத்துக்குள் இருந்தது. பிரித்தானியப் படையிடமிருந்து வந்த கட்டளை இதுதான்: செப்டெம்பர் 1ஆம் திகதிக்குள் ஊர் முழுதும் வெளியேற வேண்டும். எண்ணிப் பார்த்தால் மூன்று கிழமைகூட இல்லை. அறுவடைக் காலம் வேறு. ஜேர்மனி முழுக்கச் சாப்பாட்டுக்கு அந்தரப்பட்ட நேரம் அது.

காரணம் பகையோ பழிவாங்கலோ இல்லை, வெறும் வசதிதான். படைகளுக்குச் சுட்டுப் பழக ஒரு வெளி வேண்டும். ஃபோகல்சாங்கில் படையைத் தங்கவைக்கப் பெரிய கட்டடங்கள் ஏற்கனவே இருக்கின்றன. பக்கத்தில் அகலமான மேட்டுநிலம் இருக்கிறது. அதன் நடுவில் 550 பேர் இருந்ததுதான் பிரச்சினை. வரைபடத்தில் பார்த்தால் சின்னப் பிரச்சினை.

சனம் பக்கத்து ஊர்களுக்குச் சிதறிப்போனது. ஒருநாள் திரும்பலாம் என்ற நம்பிக்கையோடுதான் போனார்கள். ஏற்கனவே ஒருமுறை போய்த் திரும்பியவர்கள்தானே. ஆனால் இந்தமுறை ஊர் இலக்காகிவிட்டது. வீடுகளும் கோயிலும் சூடுபட்டு எரிந்து இடிந்தன. 1950இல் பிரித்தானியர் போய் பெல்ஜியப் படை வந்தது. குளிர்யுத்தம் தொடங்கிவிட்டதால் பயிற்சி வெளியை விடுகிற கதையே இல்லை. 1955இல் சேமக்காலையில் இருந்த எலும்புகளைத் தோண்டியெடுத்து ஹெர்ஹான் என்ற பக்கத்து ஊருக்கு மாற்றினார்கள். என்னைப் பொறுத்தவரை ஊர் முடிந்துபோன வருடம் 1946 இல்லை, 1955தான். உயிரோடிருக்கிற ஆக்கள் வெளியே இருந்தாலும் செத்தவர்கள் உள்ளே இருக்கும்வரைக்கும் அது எங்கட ஊர் எண்டு சொல்லலாம். அவர்களையும் கொண்டுபோன பிறகு எதைப் பார்க்கத் திரும்புவது?

பிறகு, இடிந்த ஊர் இருந்த அதே இடத்தில் பயிற்சிக்காகப் புதிதாக வீடுகள் கட்டினார்கள். நான் படத்தில் பார்த்தவை அவைதான். வாழ்ந்தவர்களின் வீட்டை அழித்த இடத்தில், யாரும் வாழமாட்டார்கள் எண்டு தெரிந்தே கட்டிய வீடுகள். இன்று போகிறவர்கள் அதைத்தான் ஊர் எண்டு நினைத்துப் படம் எடுக்கிறார்கள்.

இப்படிக் கைவிடப்பட்ட குடியிருப்புகளுக்கு ஜேர்மன் மொழியில் 'வூஸ்டுங்' எண்டு ஒரு சொல் இருக்கிறது. பெரும்பாலும் 14ஆம், 15ஆம் நூற்றாண்டுகளில் கொள்ளை நோயாலும் கமம் நொடிந்துபோனதாலும் ஆளில்லாமல் போன ஊர்களைச் சொல்லப் பயன்படும் சொல். வொல்சைஃபெனையும் அந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் இடிக்கிறது. கொள்ளை நோய்க்குக் கட்டளைத் திகதி கிடையாது. வொல்சைஃபென் 'கைவிடப்பட்ட' ஊர் இல்லை, காலியாக்கப்பட்ட ஊர். கோயில் யாருடைய பெயரில் இருந்தது எண்டு பாருங்கள்: கொள்ளை நோயிலிருந்து காப்பவர் எண்டு கத்தோலிக்கர் வேண்டிக்கொள்ளும் புனித ரொக். நோயிலிருந்து தப்பலாம், வரைபடத்திலிருந்து தப்புவது கஷ்டம்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். நாசிகளின் நாட்டில் ஒரு ஊர் போனதுக்கு ஏன் இவ்வளவு கவலை? நியாயமான கேள்வி. ஃபோகல்சாங்கில் பயின்ற பலர் போர்க்காலத்தில் கிழக்கு ஐரோப்பாவில் ஆக்கிரமிப்பு நிர்வாகிகளாகப் போனார்கள், கொலைகளிலும் பங்கெடுத்தார்கள். அதே ஆக்கிரமிப்பின் கீழ், 1943 மார்ச்சில், பெலருஸில் கற்றின் என்ற கிராமத்தை எரித்தபோது 149 பேர் ஊரோடு சேர்த்துக் கொல்லப்பட்டார்கள். வொல்சைஃபென் சனம் உயிரோடு வெளியேறியது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது.

ஆனால் அதற்காக ஒன்றைச் சொல்லாமல் விடவும் முடியாது. கதையை 1946இல் தொடங்கினால் வொல்சைஃபென் வெறும் பாவப்பட்ட ஊர். 1945இல் முடித்தால் அது கதையிலேயே இல்லை. 1934இலிருந்து முழுதாகச் சொன்னால்தான், ஒரு ஆட்சி கட்டிய கோட்டை, அந்த ஆட்சி தோற்ற பிறகும் பக்கத்து ஊரை விழுங்கியது விளங்கும். எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறோம் எண்டதிலேயே பாதி வரலாறு இருக்கு.

பெல்ஜியப் படை 2005 முடிவில் வெளியேறியது. 2006 ஜனவரி 1 முதல் யாரும் நடந்து போய்ப் பார்க்கலாம். ஆனால் அந்த நிலம் இப்போது ஐஃபெல் தேசியப் பூங்காவின் பகுதி. அறுபது வருடம் கமம் இல்லாமல் கிடந்ததால் மான்களும் அரிய செடிகளும் பெருகிவிட்டன, அதனால் பாதுகாக்க வேண்டிய இடமாகிவிட்டது. முதலில் படைக்காக, பிறகு இயற்கைக்காக. இரண்டாவது காரணம் நல்ல காரணம்தான், ஆனால் ஊரவருக்கு விடை ஒன்றுதான்: அங்கே குடியிருக்க முடியாது.

எஞ்சியது கோயில், பள்ளிக்கூடம், ஒரு சின்ன மின்மாற்றிக் கட்டடம், பாதையோரச் சிற்றாலயம். ஊரின் பழைய ஆக்களும் அவர்களின் பிள்ளைகளும் சேர்ந்து கோயிலுக்குத் திரும்பக் கூரை போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஊரின் கதையைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். எப்போதாவது அந்தப் பக்கம் போகக் கிடைத்தால், யன்னல் இல்லாத வீடுகளைப் படம் எடுக்காமல் தாண்டிப்போய், முதலில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் போகவேணும் எண்டு நினைச்சிருக்கிறன்.