நேபாளப் பள்ளத்தாக்கின் மூன்று அரண்மனைகள்

இமயமலையின் தென்புறத்தே அமைந்த நேபாள நாட்டைக் காணச் செல்வோர் பெரும்பாலும் முதலில் அடைவது காட்மண்டுப் பள்ளத்தாக்கு. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், நாற்புறமும் குன்றுகள் அரண்செய்ய அமைந்த சமவெளி அது. முன்னொரு காலத்தில் அஃது ஓர் ஏரியாக இருந்ததென்றும், மஞ்சுஸ்ரீ என்னும் போதிசத்துவர் தம் வாளால் தென்மலையைப் பிளந்து நீரை வடியச் செய்தாரென்றும் அந்நாட்டுப் புராணம் கூறும். ஏரி இருந்தது உண்மையே என்பர் நிலவியல் அறிஞர். சோபார் என்னுமிடத்தில் மலையிடுக்கின் வழியே பாக்மதி ஆறு வெளியேறுவதை இன்றும் காணலாம். ஏரி விட்டுச்சென்ற வண்டல் நெல்லை விளைவித்தது. செங்கல்லுக்கும் மண் தந்தது. அச்செங்கல்லும் மலைக்காட்டு மரமும் கொண்டே அங்குள்ள கோயில்களும் அரண்மனைகளும் எழுந்தன.

இப்பள்ளத்தாக்கில் காட்மண்டு, பாடன், பக்தபூர் என்று மூன்று பழைய நகரங்கள் உள்ளன. பாக்மதியின் வடகரையில் காட்மண்டு. தென்கரையில் லலிதபூர் என்றும் வழங்கும் பாடன். கிழக்கே சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில் பக்தபூர். மூன்றிலும் அரண்மனை உண்டு. அதன்முன் கோயில்கள் நிறைந்த முற்றம் உண்டு. மல்ல அரசர்களின் குலதெய்வமாகிய தலேஜு தேவிக்குத் தனிக்கோயிலும் உண்டு. இத்துணைச் சிறிய நிலப்பரப்பில் மூன்று அரண்மனைகள் எழுந்தது எவ்வாறு என்னும் வினா காண்போர் உள்ளத்தில் எழுவது இயல்பு. அதற்கு விடை கூறுவது வரலாறு.

மல்ல மரபில் யட்ச மல்லர் என்னும் பேரரசர் 1482இல் மறைந்தார். அவருடைய மக்கள் காலத்தில் நாடு பிளவுண்டது. நாளடைவில் மூன்று நகரங்களும் மூன்று தனியரசுகளாயின. ஒரே குலம், ஒரே தெய்வம், நேவாரி என்னும் ஒரே மொழி; ஆயினும் பகைமைக்குக் குறைவில்லை. போரில் மட்டுமன்றிக் கலையிலும் ஒருவரை ஒருவர் வெல்ல முனைந்தனர். அதற்கு வேண்டிய பொருளை இந்தியாவுக்கும் திபெத்துக்கும் இடையே நடந்த வாணிகம் வழங்கியது. திபெத்தியர் வெள்ளியை அனுப்பி, இங்கு அடிக்கப்பெற்ற நாணயங்களைப் பெற்றனர். அவ்வருவாயின் பெரும்பகுதி செதுக்கிய மரமாகவும் பொன்முலாம் பூசிய செம்பாகவும் உருமாறியது எனலாம்.

காட்மண்டில் 1641 முதல் 1674 வரை ஆண்ட பிரதாப மல்லர் தம்மைக் கவிஞர் என்று கூறிக்கொள்வதில் பெருமை கொண்டவர். அரண்மனை வாயிலில் அவர் 1672இல் நிறுவிய அனுமன் திருவுருவத்தால் அவ்விடமே அனுமன் தோகா, அதாவது அனுமன் வாயில், என்று பெயர் பெற்றது. தம் பன்மொழிப் புலமையை உலகறியச் செய்ய, பதினைந்து மொழிகளின் எழுத்துகள் கொண்ட கல்வெட்டொன்றை 1654இல் அரண்மனைச் சுவரில் பதித்தார். அதில் பிரெஞ்சுச் சொற்களும் உள்ளன! மகனை இழந்து வருந்திய அரசிக்கு ஆறுதலாக 1670இல் அவர் அமைத்ததே ராணி போக்ரி என்னும் குளம்.

பாடனில் சித்தி நரசிம்ம மல்லர் 1637இல் எடுப்பித்த கிருஷ்ணன் கோயில் முற்றிலும் கல்லால் ஆயது. இருபத்தொரு சிகரங்களை உடையது. மாபாரதக் காட்சிகள் ஒரு நிலையிலும் இராமாயணக் காட்சிகள் அதன் மேல்நிலையிலும் வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன. செங்கல்லும் மரமும் ஆண்ட நகரத்தில் இக்கற்கோயில் தனித்தே விளங்குகிறது.

பக்தபூரின் பெருமை நியாதபோலா. பூபதீந்திர மல்லர் 1702இல் கட்டிய இக்கோயிலுக்கு ஐந்து மேடைகள். மேலே ஐந்து கூரைகள். படியின் இருமருங்கும் கீழே இரு மல்லர், அடுத்த மேடையில் யானைகள், அதன்மேல் சிங்கங்கள், பின் யாளி போன்ற உருவங்கள், உச்சியில் இரு பெண்தெய்வங்கள். ஒவ்வோர் இணையும் தனக்குக் கீழுள்ள இணையினும் பதின்மடங்கு வலிமையுடையது என்பர். அவை காக்கும் கருவறையில் உறையும் சித்திலட்சுமியைப் பூசாரியர் அன்றிப் பிறர் காண்பதில்லை. அருகேயுள்ள ஐம்பத்தைந்து சாளர மாளிகையும், பூபதீந்திரரின் மகன் ரஞ்சித மல்லர் அமைத்த பொற்கதவும் நேவார் தச்சரும் கன்னாரும் எய்திய உயர்நிலைக்குச் சான்றுகள். இக்கைத்திறன் பழமையானது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நேபாளத்துக் கலைஞர் ஆர்னிகோ திபெத்துக்குச் சென்று, பின்னர்க் குப்ளாய் கானின் அவையை அடைந்தார். பீக்கிங் நகரில் அவர் கட்டிய வெண்தூபி இன்றும் நிற்கிறது.

ஆனால் கலையை வளர்த்த போட்டி காவலை வளர்க்கவில்லை. மேற்கே கூர்க்கா என்னும் சிறுநாட்டை ஆண்ட பிருதிவி நாராயண ஷா 1744இல் நுவாகோட்டைக் கைப்பற்றித் திபெத்து வாணிக வழியை அடைத்தார். மூன்று மன்னரும் அப்போதும் உறுதியாக ஒன்றுபட்டிலர். 1768இல் இந்திர விழாக் கொண்டாட்டத்தில் நகரம் மூழ்கியிருந்த வேளையில் கூர்க்காப் படை காட்மண்டில் புகுந்தது. பாடனும் விரைவில் பணிந்தது. காட்மண்டு மன்னரும் பாடன் மன்னரும் பக்தபூரில் அடைக்கலம் புகுந்தனர். தம் வாழ்நாளில் ஓரணியில் நிற்க மறுத்த மூவரும் இறுதியில் ஒரே கோட்டையில் நின்றனர். 1769இல் அதுவும் வீழ்ந்தது. ரஞ்சித மல்லர் காசிக்குச் சென்றார். ஷா மரபின் ஆட்சியும் 2008இல் முடிவுற்று நேபாளம் குடியரசாயிற்று.

மன்னர் இருமரபும் மறைந்த பின்னரும் இக்கோயில்கள் நிலைத்தது எதனால்? நேவார் மக்களிடையே குதி என்னும் அமைப்பு உண்டு. கோயிலுக்கென விடப்பட்ட நிலத்தின் விளைவைக் கொண்டு, உறுப்பினரான குடும்பங்கள் பூசையும் விழாவும் பழுதுபார்த்தலும் நடத்தி வருவதே அதன் முறை. 2019இல் குதிகளின் நிர்வாகத்தை மாற்றக் கொணர்ந்த சட்ட முன்வரைவை எதிர்த்து ஆயிரக்கணக்கான மக்கள் காட்மண்டு வீதிகளில் திரண்டனர். அரசு அதனைத் திரும்பப் பெற்றது.

இவ்வுரிமையுணர்வின் தேவையை நிலநடுக்கங்கள் காட்டியுள்ளன. நெல் விளைவித்த அதே ஏரிமண் நில அதிர்ச்சியை மிகுவிக்கும் இயல்புடையது. 1934ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பல கோயில்கள் இடிந்தன. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் நேர்ந்த நடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் உயிரிழந்தனர். காட்மண்டு நகருக்கே பெயரளித்த காஷ்டமண்டபம் தரைமட்டமாயிற்று. நியாதபோலாவோ இரு பேரழிவுகளிலும் விழாது நின்றது.

ராணி போக்ரியைச் செப்பனிடக் காங்கிரீட்டைப் பயன்படுத்தத் தொடங்கியபோது நகர மக்கள் எதிர்த்தனர். பணி நின்றது, பழைய முறையில் செங்கல்லும் சுர்க்கியும் கொண்டு புதுப்பிக்கப்பெற்று, 2020இல் குளம் மீண்டும் திறக்கப்பெற்றது. காஷ்டமண்டபமும் மரபுவழித் தச்சர் கையால் 2022இல் மறுபடி எழுந்தது.

இம்மூன்று முற்றங்களும், பசுபதிநாதர் கோயில், சாங்கு நாராயணர் கோயில், சுவயம்பு, பௌத்தநாத் தூபிகள் ஆகியனவும் 1979இல் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பெற்றன. பசுபதிநாதருக்குப் பூசை புரியும் பட்டர்கள் தென்னாட்டினின்று செல்பவர்கள் என்பது நாம் அறியத் தக்கது. பக்தபூருக்குக் கிழக்கே நாகர்கோட் மலையேறினால், காலைக் கதிர்பட்டுப் பனிச்சிகரங்கள் பொன்னிறமாகும் காட்சியையும் காணலாம்.

சிகரங்களைக் காக்க எவரும் வேண்டுவதில்லை. செதுக்கிய சாளரத்தைக் காக்கத் தலைமுறைதோறும் ஒரு தச்சன் வேண்டும். அவனுக்கு ஊதியம் அளிக்க ஓர் ஊர் வேண்டும். மன்னர் மூவரும் ஒன்றுபடாமல் நாட்டை இழந்தனர். அவர்தம் குடிகளோ ஒன்றுபட்டு நின்று, அம்மன்னர் கட்டியவற்றைக் காத்து வருகின்றனர்.