பச்சிளம் குழந்தையோடு மலையேறப் போறீங்களா? கிருமித்தொற்று இல்லாமல் வீடு போய்ச் சேர கவனிக்க வேண்டியவை!

கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிரசவம் முடிந்து, டிஸ்சார்ஜ் ஆகிற கல்வராயன் மலைத் தாய்மார்களுக்கு, குழந்தையின் முதல் பயணமே மலைப்பாதைதான். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வளைவு வளைவாக ஏறித்தான் வெள்ளிமலை போகணும். இந்தப் பயணத்தில் குழந்தைக்கு நோய் தொற்றாமல் பார்த்துக்கிறது எப்படி?

ஏன் இவ்வளவு கவனம்?

பிறந்து 28 நாள் வரை பச்சிளம் பருவம். நோய் எதிர்ப்பு சக்தி முழுசாக வளராத காலம் இது. பெரியவர்களுக்கு ரெண்டு நாள் மூக்கொழுகலோடு போய்விடும் சளி, இந்த வயதில் மூச்சுத்திணறல் வரை கொண்டுபோகலாம்.

எந்த வண்டியில் போகலாம்?

அரசு மருத்துவமனையில் பிரசவம் ஆகியிருந்தால் தாயையும் குழந்தையையும் வீட்டில் விட 102 தாய் சேய் நல ஊர்தி இருக்கு. இது முற்றிலும் இலவசம். டிஸ்சார்ஜ் தேதி தெரிந்ததுமே வார்டு நர்ஸிடம் கேட்டு வையுங்கள்.

பஸ்ஸில்தான் போகணும் என்றால் கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்து, ஜன்னல் ஓரம் உட்காருங்கள். பக்கத்தில் இருமுகிறவர் இருந்தால் தயங்காமல் இடம் மாறுங்கள்.

பைக் வேண்டவே வேண்டாம். 2022-ல் மத்திய அரசு வெளியிட்ட விதி, இருசக்கர வாகனத்தில் வரும் 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஹெல்மெட், பாதுகாப்பு பெல்ட், அதிகபட்சம் 40 கி.மீ. வேகம் என்கிறது. கழுத்தே நிற்காத பச்சைக்குழந்தைக்குப் பொருந்துகிற ஹெல்மெட்டும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது.

கிருமி எப்படி வருது?

பெரும்பாலும் தூக்குகிறவர் கை வழியாகவும், முத்தம் வழியாகவும், பக்கத்தில் இருமுவதாலும்தான். அதனால்:

* குழந்தையைத் தொடும் முன் யாராக இருந்தாலும் சோப்பு போட்டு 20 நொடியாவது கை கழுவணும். தண்ணீர் இல்லாத இடத்தில் சானிடைசர் போதும். கை நன்றாகக் காய்ந்த பிறகே குழந்தையைத் தொடணும்.
* வழியில் கை மாற்றி மாற்றி தூக்கக் கொடுக்காதீர்கள். சளி, காய்ச்சல், உதட்டில் கொப்புளம் இருப்பவர்கள் கிட்டவே வர வேண்டாம்.
* பாட்டி, அத்தை ஆசையாகக் கேட்டால் முகத்தில் முத்தம் வேண்டாம், பாதத்தைத் தொட்டுக் கொஞ்சட்டும்.
* தாய்க்கே சளி என்றாலும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. மாஸ்க் போட்டுக் கொடுக்கலாம்.
* தாய்ப்பால் மட்டுமே உணவு. அழுதால் சர்க்கரைத் தண்ணீர், தேன், வெந்நீர் எதுவும் வேண்டாம்.
* தொப்புளில் மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதையும் வைக்காதீர்கள். காய்ந்தபடி இருந்தால் தானாக விழுந்துவிடும்.

மலைக்குளிருக்கு என்ன செய்வது?

ஏற ஏற குளிரும். தலைக்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ், பெரியவர்கள் போடுவதைவிட ஒரு துணி கூடுதல். இதுவே போதும். குளிருக்குப் பயந்து முகத்தை மூடினால் மூச்சு முட்டும். தாயின் மார்போடு அணைத்து, மேலே போர்த்திக்கொள்வதுதான் நல்ல கதகதப்பு. தாடை நெஞ்சில் இடிக்காமல் பார்த்துக்கோங்க. குழந்தையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரியணும்.

தள்ளிப்போடக் கூடாத பயணம்

கோயில், கல்யாணம், திருவிழா எல்லாம் 6 வாரத் தடுப்பூசி வரையாவது காத்திருக்கட்டும். பிறந்த 6 வாரத்தில் போடும் அந்த ஊசியை அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கலாம்.

ஆனால், 'மாசம் கழியட்டும்', 'தீட்டு போகட்டும்' என்று ஆஸ்பத்திரி பயணத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கீழே உள்ளதில் ஒன்று தெரிந்தாலும் உடனே கிளம்பணும்:

* பால் குடிக்காமல் இருப்பது, துவண்டு கிடப்பது
* வலிப்பு
* நிமிடத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு, விலா உள்ளே இழுப்பது
* அக்குளில் வைத்துப் பார்த்தால் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ் (99.5 ஃபாரன்ஹீட்) அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 35.5-க்குக் கீழ்
* உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாவது
* தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, சீழ்

ராத்திரி ஆனாலும் 108-க்கு அழையுங்கள். மலைப்பாதையில் வண்டி வந்து சேர நேரம் ஆகும் என்பதால், விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. வண்டி வரும் வரை குழந்தையை மார்போடு அணைத்துக் கதகதப்பாக வைத்திருங்கள். குடிக்க முடிந்தால் பால் கொடுங்கள். ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சையும், போய்வரும் வாகனமும் இலவசம். மருத்துவ சந்தேகங்களுக்கு 104-ல் கேட்கலாம்.